ராகு காலம் முடிந்து ஒரு நிமிடம்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நீலப் பெட்டி உண்டு. பெங்களூரில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அது அங்கே என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த அன்று என் கணவர் அதைக் கையிலிருந்து வாங்கித் துடைத்து, பழைய பேப்பர் சுற்றிப் பரணில் ஏற்றினார். இனிமேல் இது கீழே இறங்கக் கூடாது என்றெல்லாம் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளி, முன்னால் பித்தளை அண்டாவை வைத்து அடைத்துவிட்டார். எனக்குப் புரிந்தது.

பெங்களூர்க் காலம் என்றால் இதுதான்: வெள்ளி ராத்திரி பஸ் ஏறி சனி விடியற்காலை வருவது, ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ். நடுவில் துணி, சமையல், மகள், கணவர், தூக்கம். மகளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டவர் அவர்தான். மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கை. அவர் போடும் இரட்டைப் பின்னல் கிளட்ச் வயர் மாதிரி விறைப்பாக நிற்கும். ஒரு சனிக்கிழமை நான் ஆசையாகப் பின்னிவிட்டேன். மகள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லூசா இருக்கும்மா, அப்பாகிட்டயே போட்டுக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் நின்று அழுதேன். அடுத்த வாரமே வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திருச்சியிலேயே எனக்கு ஏற்ற வேலை கிடைத்தது என்றால் யாரும் நம்பவில்லை. புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல்மாடியில் ஆபீஸ். காலையில் போனால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மாடிப்படி வரை நிற்பார்கள். கீழே டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் நாள் முழுக்க எங்களுக்குக் கேட்கும். அங்கே ஒரு சின்னக் குழுவாக உட்கார்ந்து தாய ஆட்டத்தை ஃபோனில் ஆடும்படி செய்துகொண்டிருந்தோம். நாலு பேர் நாலு ஊரில் இருந்துகொண்டு ஒரே கட்டத்தில் ஆடலாம். அப்படி ஆயிரக்கணக்கான கட்டங்கள் ஒரே சமயத்தில் நடக்கலாம். அத்தனையையும் தாங்குவது சர்வர். சர்வர் என் பொறுப்பு.

முதலாளி ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் "பெருமாள் பார்த்துப்பார்" என்பார். "சார், பெருமாள் சர்வர் எல்லாம் பார்க்க மாட்டார், நான்தான் பார்க்கணும்" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். எல்லோருக்கும் தெரியும். ஃபோனில் ஆட்டம் எப்படித் தெரிய வேண்டும், காய் எப்படி நகர வேண்டும் என்பதையெல்லாம் பார்த்தவன் பெரிய கடை வீதிப் பையன். பையன் என்கிறேன், முப்பது தாண்டிவிட்டான். அப்பாவை அத்தா என்பான்; அவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் கத்தினால் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொள்வான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து ஒருவர் எங்கள் கம்பெனியில் பெரும் பங்கை வாங்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஆட்டத்தை வெளியிடும்போது கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தைச் சர்வர் தாங்கினால் நீங்கள் திருச்சியிலேயே இருந்து வேலை பார்க்கலாம். விழுந்தால் எல்லோரும் பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், அங்கே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். இதை அவர் மிகவும் இனிமையாகச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தாங்கும்ல?" என்று மட்டும் கேட்டார். "தாங்கும்" என்றேன்.

தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நிஜ மனிதர்களுக்குப் பதிலாகப் பொய் ஆட்டக்காரர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, சர்வர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று பார்க்கலாம். லோட் டெஸ்ட் என்பார்கள். நாங்கள் அந்தப் பொய் ஆட்டக்காரர்களைப் பொம்மைகள் என்று சொன்னோம். ஒவ்வொரு பொம்மையும் ஒரு சின்ன நிரல்தான். உள்ளே வரும், கட்டை உருட்டும், காய் நகர்த்தும், போய்விடும். ஆனால் ஆயிரக்கணக்கான பொம்மைகளை ஒரே சமயத்தில் ஓட்டுவதற்கு நிறைய கணினிகள் வேண்டும். எங்கள் மாடியில் இருந்தவற்றில் ஒன்றுக்கு ஃபேனே ஓடாது. அதனால் கிளவுடில் வாடகைக்கு எடுத்தோம். எங்கோ மும்பைப் பக்கம் இருக்கும் கணினிகளை, வேண்டிய நேரத்துக்கு மட்டும், கல்யாணத்துக்கு நாற்காலி எடுப்பது மாதிரி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் எழுதிய பொம்மைகள் தங்கமான பொம்மைகள். முதலில் கொஞ்சம் பேர் வருவார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் பேர். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது, நானும் அப்படியே செய்தேன். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று காட்டும் கோடு திரையில் மெதுவாக மலைக்கோட்டைப் படி மாதிரி ஏறியது. உச்சிக்குப் போய் நின்றது. சர்வர் அசையவில்லை. முதலாளி ஸ்ரீரங்கத்திலிருந்து புளியோதரைப் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். பெங்களூர்க்காரர் ஃபோனில் பாராட்டினார். அதோடு, வெளியிடுவதற்கு முன்னால் நிஜ மனிதர்களை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாமே என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அவருக்கு அந்த நேரம் வசதி. எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளியின் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டி ஒரு அப்பார்ட்மென்ட். வெள்ளோட்டத்தை அங்கிருந்தே பார்ப்பது என்று முடிவானது. அவருடைய அப்பார்ட்மென்ட் சங்கம், பஜனை கோஷ்டி, பழைய பள்ளித் தோழர்கள் என்று எல்லா வாட்ஸப் குழுவிலும் செய்தி போட்டிருந்தார். அவர்களெல்லாம் தங்கள் சொந்தக்காரர்களுக்குத் தள்ளியிருந்தார்கள். ஊர் முழுக்கப் பரவிவிட்டது, ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்றார். நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். பாத்திரக் கடைப் பையன் பைக்கில் வந்தான்.

ஐந்து மணிக்கு ஆட்டத்தைத் திறந்தோம். கோடு எழும்பவில்லை. அங்கொருவர் இங்கொருவர் என்று வந்தார்கள். ஐந்தே காலுக்கும் அப்படியே. ஐந்தரைக்கும் அப்படியே. பெங்களூர்க்காரர் லேப்டாப் திரையில் ஒரு மூலையில் உட்கார்ந்து நாசூக்காகக் கொட்டாவி விட்டார். முதலாளியின் மனைவி காபி கொண்டுவந்தார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. "ஆயிரக்கணக்குல வருவாங்கன்னீங்களே சார்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வருவா, வருவா, சித்த பொறுங்கோ" என்றார்.

எதிர் வீட்டில் விளக்கேற்றிய சமயம். முதலாளி வீட்டுக் கடிகாரம் ஆறு அடித்தது. அடித்து முடிக்கக்கூட இல்லை, கோடு நெட்டுக்குத்தாக எழும்பியது. ஏறியது என்று சொல்ல முடியாது, ஒரேயடியாக எழுந்து நின்றது. ஒரே நிமிடத்தில் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். அடுத்த நிமிடம் சர்வர் விழுந்தது. மறுபடி எழுப்பினேன், மறுபடி விழுந்தது. முதலாளியின் ஃபோன் ஓயாமல் அடித்தது. "ஏன்டா, திறக்கவே மாட்டேங்கறதே" என்று யாரோ பெரியவர் கத்துவது எனக்கே கேட்டது. பெங்களூர்க்காரர் கொட்டாவியை நிறுத்திவிட்டு, "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லித் திரையிலிருந்து போனார்.

நான் லேப்டாப்பை மூடினேன். மூடிய சத்தத்தில் காபி டம்ளர் உருண்டது.

"அது எப்படி சார், ஒரு மணி நேரமா ஒரு ஈ காக்கா இல்ல, ஆறு அடிச்ச உடனே ஊரே வந்து நிக்குது? யாராவது வேணும்னு செஞ்சாங்களா?"

பாத்திரக் கடைப் பையன் இயர்ஃபோனைக் கழற்றினான். "அக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அது எனக்கும் தெரியும்."

"நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்க்கா."

நான் அவனையே பார்த்தேன். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். "எங்க அத்தாவுக்கு ஏழு நாளும் மனப்பாடம். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வர்றவங்க ராகு காலத்துல கடைக்குள்ள கால் வைக்க மாட்டாங்க. அத்தா அந்த நேரத்துலதான் டீ குடிக்கப் போவாரு. முடிஞ்ச உடனே எல்லாப் பார்ட்டியும் ஒண்ணா வந்து நிக்கும். அதுக்கு முன்னாடியே நாங்க அண்டா, குண்டானெல்லாம் கீழ எறக்கி வச்சிடுவோம். புது ஆட்டம்க்கா. முதத் தடவையா தாயம் போடப் போறாங்க. ராகு காலத்துலயா போடுவாங்க?"

முதலாளி தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். அப்பார்ட்மென்ட் குழுவில் மதியமே ஒருவர் போட்டிருந்தார்: ஆறு மணிக்கு மேல் விளக்கேற்றிவிட்டு அனைவரும் ஒன்றாக உள்ளே வரவும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நானே இவன்கிட்ட சொல்லி நாலு மணிக்கே எனக்கு மட்டும் திறக்க வெச்சு, ஒரு தரம் கட்டைய உருட்டி வெச்சுட்டேன். ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு."

"அப்ப எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துவேள்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கத்தியிருப்பேன். என் அப்பா அரசு பஸ் டிரைவர். டைம் ஆனால் வண்டியை எடுக்க வேண்டும், பஸ் ராகு காலம் பார்க்காது என்பார். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் காலண்டரில் ராகு காலம் என்று ஒன்று அச்சடித்திருக்கும், அதை யாரும் படித்ததில்லை. தமிழ்நாட்டுக்கு என்று ஆட்டம் செய்துவிட்டு, பொம்மைகளை மட்டும் எந்த ஊர் என்றே தெரியாத மனிதர்களாகச் செய்து வைத்திருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்று வீட்டுக்குப் போன உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி, அண்டாவை நகர்த்தி, பெட்டியை இறக்கினேன். கோபம் வந்தால் எனக்கு எதையாவது இறக்க வேண்டும் அல்லது ஏற்ற வேண்டும். கணவர் கடையிலிருந்து வந்தவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்தாரே தவிர, ஏன் இறக்குகிறாய் என்று கேட்கவில்லை. பெட்டி நடு ஹாலில் நின்றது. மகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டு எடுத்தாள். அந்த வாரம் முழுக்க மூன்று பேரும் அதைச் சுற்றித்தான் நடந்தோம்.

மறுநாள் பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வெளியீடு, அதை மாற்ற முடியாது, அன்று அரசு விடுமுறை, விளம்பரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. காலை பதினோரு மணி. அன்றைக்கு விழாமல் நின்றால் பழைய பேச்சுப்படி அங்கேயே இருங்கள். விழுந்தால் அடுத்த மாதம் எல்லோரும் இங்கே. "வீடு பார்த்துத் தர ஏற்பாடு செய்கிறேன்" என்றும் சொன்னார். அந்த அன்புதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஃபோனை வைத்த உடனே பையனும் முதலாளியும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு."

முதலாளி நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கூட்டம் எந்த நிமிடத்தில் வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்த சர்வர்காரி உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? பன்னிரண்டு அடித்ததும் வரும். அதற்குத் தயாராக இருந்தால் போதும். இதைச் சொன்னபோது என் குரல் தைரியமாகத்தான் இருந்தது.

பொம்மைகளைத் திரும்ப எழுதினேன். முதலில், கொஞ்சம் கொஞ்சமாக வருவதை எடுத்தேன். எல்லோரும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். அதுமட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை சர்வர் விழுந்த பிறகு மறுபடி மறுபடி ஏன் விழுந்தது என்று பார்த்தபோது ஒன்று புரிந்தது. திறக்கவில்லை என்றால் நம் ஆட்கள் காத்திருப்பதில்லை. மூடிவிட்டுத் திறக்கிறார்கள். மறுபடி மூடிவிட்டுத் திறக்கிறார்கள். ஒரே ஆள் அஞ்சு ஆளாக வாசலில் நிற்கிறார். என் தங்கமான பொம்மைகள் அப்படிச் செய்யவே இல்லை. பொறுமையாக நின்றன.

பொறுமை இல்லாத பொம்மையை எப்படி எழுதுவது என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. என் ஃபோனை எடுத்து, நெட் இல்லாத மாடிப்படி மூலைக்குப் போய் நின்று, ஏதோ ஒன்றைத் திறந்து பார்த்தேன். மூன்று விநாடிகூடப் பொறுக்கவில்லை, விரலால் குத்தினேன். மறுபடி குத்தினேன். மூடினேன். திறந்தேன். கீழே பரிசோதனைக் கூடத்துக்கு வந்த ஒரு அம்மா, "ரிப்போர்ட்டு வரலையாம்மா?" என்று பரிதாபமாகக் கேட்டார். நான் செய்ததை அப்படியே பொம்மைக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் குணத்தை எடுத்து ஆயிரக்கணக்கில் நகல் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் திரையைப் பார்த்துவிட்டு, "அத்தனையும் நீங்களாக்கா?" என்றான். "நான் ஒரு அக்காவையே சமாளிக்க முடியாம இயர்ஃபோன் மாட்டுறேன். பாவம் சர்வர்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

மும்பைப் பக்கத்துக் கணினிகளை மறுபடி வாடகைக்கு எடுத்து, ராகு காலச் சோதனை என்று பெயர் வைத்து ஓட்டினோம். என் குணம் உள்ள பொம்மைகள் ஒன்றாக வந்து வாசலில் குத்தின. சர்வர் விழுந்தது. சரி செய்து ஓட்டினோம், விழுந்தது. இன்னும் பெரிய சர்வர் வைத்தோம், கொஞ்சம் தாக்குப்பிடித்து விழுந்தது. உள்ளே போய் உட்கார்ந்து ஆடுகிறவர்களால் சர்வருக்குப் பாரமே இல்லை. வாசலில்தான் சிக்கல். வருகிற ஒவ்வொருவரும் யார் என்று பார்த்து, எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லோரையும் ஒன்றாகப் பார் என்றால் அது என்ன செய்யும்?

முதலாளிதான் சொன்னார். ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறக்கும்போது எல்லோரையும் ஒரேயடியாக விட்டால் என்ன ஆகும், கம்பி கட்டி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தானே சேவிக்க விடுகிறார்கள் என்றார். அது நான் யோசிக்காத விஷயம் இல்லை, எங்கள் தொழிலிலும் உள்ள வழிதான். ஆனால் என் பொம்மைகள் கம்பிக்குள் நிற்கவில்லை. காத்திருக்கவும் என்று மட்டும் போட்டால், மூடித் திறந்து வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடி மூடித் திறந்தன. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அப்போது கீழே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து பசியோடு நிற்கிற ஜனம், ஆனால் சண்டை இல்லை. ஏனென்றால் கையில் நம்பர் இருக்கிறது, இன்னும் எத்தனை பேர் என்று தெரிகிறது.

ஆட்டத்திலும் நம்பர் கொடுத்தோம். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று திரையில் காட்டி, அது குறைந்துகொண்டே வரும்படி செய்தான் பையன். மூடித் திறந்தாலும் நம்பர் போகாது, அதே இடம்தான் என்று நான் மாற்றினேன். நம்பரைப் பார்த்தால் குத்துவதை நிறுத்து என்று பொம்மைகளுக்கும் சொன்னேன். நிஜ மனிதர்கள் நிறுத்துவார்களா என்று யாருக்கும் தெரியாது. சோதனையை ஓட்டினோம். கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது. விழவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம்வரை ஓட்டிக்கொண்டே இருந்தோம், ஒரு தடவையும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது பெட்டியைத் தாண்டித்தான் செருப்புப் போட்டேன். கணவர் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பதினோரு மணிக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பதினோரு மணிக்குத் திறந்தோம். இந்தத் தடவை யாரும் வரவில்லையே என்று பயப்படவில்லை. ஆனாலும் கொஞ்சம் பேர் வந்தார்கள். பையன் தன் தெருக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்: "இது எங்க மாமா. இது எங்க மச்சான், துபாய்லேருந்து ஆடுறான். ஜும்மாத் தொழுகைக்குப் போறதுக்குள்ள ரெண்டு ஆட்டம் போட்டுடுவாங்க." பெங்களூர்க்காரர் திரையில் வந்து உட்கார்ந்தார். இன்னும் கூட்டம் வரவில்லையே என்றார். "பன்னெண்டுக்கு வருவாங்க சார்" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். "எங்க ஊர் சார்" என்றேன்.

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது பையன் எழுந்தான். "அக்கா, நான் தொழுகைக்குப் போகணும். போகவா?"

"நீ போ. நீ உக்காந்தா மட்டும் அது நிக்கப் போகுதா?" என்றேன். குரல் எரிந்து விழுந்த மாதிரிதான் வந்தது. அவன் என்னை அறிந்தவன். "துஆ செய்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு. கோடு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்ததைவிட ரொம்பப் பெரிது, திரையின் மேல் விளிம்பு வரை போய்விட்டது. வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: மூடித் திறக்கிறார்களா. முதலில் கொஞ்சம் பேர் திறந்து திறந்து மூடினார்கள். அதே நம்பர் வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் நின்றார்கள். வரிசை மெதுவாக உள்ளே போக ஆரம்பித்தது. கட்டங்கள் நிரம்பின. எங்கெங்கோ இருந்து முதல் தாயம் விழுந்தது, காய்கள் இறங்கின. சர்வர் மூச்சு வாங்கியது, ஆனால் நின்றது.

வரிசை முழுக்க உள்ளே போய் முடிந்தபோது பெங்களூர்க்காரர், "அவ்வளவுதானா, முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். சரி, அங்கேயே இருங்கள் என்று சொன்னார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். முதலாளி கண்ணைத் திறந்து, "பெருமாள் பார்த்துண்டார்" என்றார். "பார்த்துக்கிட்டார் சார்" என்றேன். அவருக்கே ஆச்சரியம். நான் தலையை மேஜையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். கீழே யாரோ டோக்கன் நம்பரைத் தவறவிட்டுவிட்டு நர்சிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்கூட இனிமையாக இருந்தது.

சாயங்காலம்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டுக்கு ஃபோன் செய்யவில்லை. நேரில் போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. முன் சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஃபோனில் கட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் தாயம் போடும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன், என் ஸ்டாப் தாண்டிவிட்டது. திரும்பி நடந்து வந்தேன். கோபம் வரவில்லை.

கதவைத் திறந்தால் நடு ஹாலில் பெட்டி இல்லை. கடையைப் பகலில் மூடியே அறியாத என் கணவர் ஸ்டூலின் மேல் நின்று பரணுக்குள் தலையை விட்டிருந்தார். தலையெல்லாம் நூலாம்படை. மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி மேலே, பழைய மூலையில், பேப்பர் சுற்றி இருந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லலம்மா" என்றாள் மகள். "நாங்களும் வரிசையில நின்னோம். நம்பர் குறைஞ்சுகிட்டே வந்து உள்ள விட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆடினோம், ஒரு தடவகூட நிக்கல. அப்புறம் எதுக்கு இது நடு ஹால்லன்னு அப்பாதான் சொன்னாங்க."

"பதினோரு மணிக்கே திறந்தோமே, வரிசையே இல்லையே அப்ப."

அவர் மேலேயிருந்து திரும்பாமலே சொன்னார்: "பன்னெண்டு அடிக்கட்டும்னு உக்காந்திருந்தோம்."

கடை திறப்பதற்குக்கூட நாள் பார்க்காத மனிதர் அவர். எங்கள் கல்யாணத்துக்கே அவர் வீட்டில் குறித்த நேரத்தைக் கிண்டல் செய்தவர். "நீங்க எப்ப இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குப் பாக்கல. உனக்குத்தான் பாத்தேன்" என்றார். பிறகு கையைக் கீழே நீட்டினார். "அந்த அண்டாவ எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டிக்கு முன்னால் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கித் தள்ளினார்.